ஒன்பதாம் நம்பர் டப்பா

"டாக்டர்! லைன்ல இருக்கீங்களா? டாக்டர்!"

பாய்மரப் படகின் குறுகலான கேபினில், ரேடியோ மைக்கைப் பிடித்துக்கொண்டு அலறினான் கேப்டன்.

கேப்டன் என்பது நண்பர்கள் வைத்த பட்டப்பெயர். ஊரில் அவன் விற்பது குளியலறை டைல்ஸ். மூன்று மாதம் படகோட்டக் கற்றதில் கிடைத்த பட்டம்!

"கேக்குது, சொல்லுங்க..." கரையிலிருந்து டாக்டரின் குரல் நிதானமாக வந்தது. "மிசஸ் எப்படி இருக்காங்க?"

"மோசம் டாக்டர்! ரெண்டு நாளா ஜுரம், வாந்தி. இப்ப கண்ணையே திறக்க மாட்டேங்கறா!"

"ஒன்பதாம் நம்பர் கொடுத்தீங்களா?"

"நீங்க சொன்ன மாதிரியே கொடுத்தேன்!"

'நீங்க சொன்ன மாதிரியே'வை மட்டும் கொஞ்சம் அழுத்தினான். கரையில் ஒவ்வொரு பேச்சும் பதிவாகிறது என்று அவனுக்குத் தெரியும்.

கல்யாணமாகிப் பத்து வருஷம். அதைக் கொண்டாட அயல்நாட்டுக் கடலில் வாடகைப் படகு. துறைமுகத்தில் தின்ற சிப்பி ஒத்துக்கொள்ளாமல் மனைவி படுத்துவிட்டாள். கரைக்கு இன்னும் இரண்டு நாள்.

படகோடு கொடுத்த மருந்துப் பெட்டியில் இருபது டப்பாக்கள். எல்லாவற்றுக்கும் நம்பர். டாக்டர் நம்பரைச் சொல்வார், எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். ஒன்பது, வாந்தி மாத்திரை. பதினாலு, இதய மாத்திரை. நோய் இல்லாதவர் தின்றால் இதயம் நின்றே போகும்!

இரண்டு டப்பாவிலும் இருந்த மாத்திரைகளை இடம் மாற்றி வைத்திருந்தான் கேப்டன்.

அவளுடைய இடத்துக்கு வேறொருத்தி ஏற்கெனவே தயார். நாளைக்கு யாராவது கேட்டால்? டாக்டர் சொன்னார், கொடுத்தேன்!

மேல்தளத்துக்குப் போனான். காற்று ஏறியிருந்தது. படகு ஆடிய ஆட்டத்தில் கேப்டனுக்கே குடல் வாய்க்கு வந்தது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

"என்னங்க..."

திரும்பினான். திடுக்கிட்டான்!

கைப்பிடியைப் பற்றியபடி மனைவி நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கையில் டீ.

"நீ... எழுந்துட்டியா?"

"கொஞ்சம் பரவால்லங்க. நீங்க வாந்தி எடுக்கற சத்தம் கேட்டுது. மனசு கேக்கல. குடிங்க."

அவள் முன்னால் மறுக்க முடியவில்லை. ஒரே மூச்சில் குடித்தான்.

"என்ன இப்படிக் கசக்குது?"

"அதுவா... ஒன்பதாம் நம்பர்ல நாலு பொடிச்சுப் போட்டிருக்கேன்."

கப் கீழே விழுந்து உருண்டது.

"அடிப்பாவி!"

கேபினுக்குள் பாய்ந்தான். மைக்கைப் பிடித்தான்.

"டாக்டர்! ஒன்பதாம் நம்பர் நாலு... நான் குடிச்சுட்டேன்!"

"வாந்தி மாத்திரைதானே? நல்லாத் தூங்குவீங்க. படுங்க."

"இல்ல டாக்டர்! அதுல இருக்கறது பதினாலு!"

"சீல் வச்சுக் கொடுத்த பெட்டி சார். எப்படி மாறும்? சரியாத் தெரியாம மாற்று மருந்து சொன்னா, அதுவே உங்களைக் கொன்னுடும்."

"எனக்குத் தெரியும்! நான்தான்... நான்தான் மாத்தி வச்சேன்!"

"எதுக்கு?"

கேப்டன் மருந்துப் பெட்டியை இழுத்துக் கிளறினான். கண் இருட்டியது.

"சீக்கிரம் சொல்லுங்க சார். நேரம் ஓடுது."

"அவளுக்குக் கொடுக்கத்தான்! அவ சாகணும்னுதான்! போதுமா? என்னைக் காப்பாத்துங்க டாக்டர்!"

இரண்டு விநாடி கரகரப்பு.

"பதிவாயிடுச்சு" என்றார் டாக்டர். "நீங்க மேல இருந்தப்ப மிசஸ் நேத்தே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. உங்க வாயால வரணும்னு காத்திருந்தோம். ரோந்துப் படகு பக்கத்துலதான் இருக்கு."

கேப்டன் மெல்லத் திரும்பினான்.

வாசலில் மனைவி. நீட்டிய உள்ளங்கையில் வெள்ளை மாத்திரைகள். அவன் கொடுத்த அத்தனையும்!

"முதல் நாளே எனக்குத் தலை சுத்திச்சு. ஒன்பதாம் நம்பர்ல ஒண்ணு எடுத்துப் போட்டேன். உங்ககிட்ட சொல்லல. அது ரோஸ் கலர். மறுநாள் நீங்க அதே டப்பாவுலேர்ந்து வெள்ளை மாத்திரை எடுத்துக் கொடுக்கறீங்க!"

அவள் சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். ஆயிரம் பட்டனில் ஒன்று மாறியிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். இரண்டு நாளாக, கொல்லப் பார்த்தவன் கையாலேயே தண்ணீர் வாங்கிக் குடித்து, மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கித் தலையணை உறைக்குள் துப்பியிருந்தாள். சத்தம் வராமல் அழுதும் இருந்தாள்.

"அப்போ... டீயில?"

"டீத்தூள் கொஞ்சம் தூக்கலாப் போட்டேன். அவ்வளவுதான்."

வெளியே சைரன் அலறியது.

விலங்கோடு ரோந்துப் படகில் ஏற்றியபோது கேப்டனுக்கு மறுபடியும் குமட்டியது. சின்னப் படகு. பெரிய அலை.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டப்பாவை நீட்டினாள்.

"கரை போய்ச் சேர ரொம்ப நேரமாகுமாம். ஒன்பதாம் நம்பர் ரெண்டு தரட்டுமா?"