பாதிக் கிழங்கு

ஆகஸ்ட் பதினான்காம் தேதி, காலை 6.10. ஆற்று வளைவுக்கு மேலே, முப்பது வீடுகள் கொண்ட காட்டுக் குடியிருப்பில், மருத்துவச்சியின் பாத்தியில் இருந்த மூன்று செடிகளில் ஒன்றைக் காணவில்லை.

காணாமல் போனது பூத்திருந்த செடி. மற்ற இரண்டும் இன்னும் மொட்டு வைக்காதவை. இலை, தண்டு, வேர் எல்லாம் போயிருந்தன. குழியில் கிடந்தது பாதிக் கிழங்கு மட்டும். கத்தியால் நெடுக்காகப் பிளந்த பாதி. வெட்டுவாய் வழவழவென்று இருந்தது.

குழி அருகே குந்தியிருந்தவள் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். கைரேகைப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். பன்னிரண்டு நாள் காட்டுப் பயணத்துக்கு அண்ணனுக்குத் துணையாக வந்திருந்தாள். திருடனைப் பிடிக்க வரவில்லை. பழக்கம் விடவில்லை.

மருத்துவச்சி தன் மொழியில் நீளமாகப் பேசினாள். அதைத் தமிழில் சொல்ல வேண்டியவன் அவளுடைய தம்பி. அவன்தான் பயணத்தின் வழிகாட்டி.

"என்ன சொல்றாங்க?"

"பிரசவத்துல ரத்தம் நிக்காத பொம்பளைங்களுக்கு இதுதான் மருந்து. விதைச்ச மூணாவது வருஷந்தான் பூக்கும். பூத்ததுலதான் விதை. விதை விழ இன்னும் ரெண்டு வாரம் இருந்துச்சாம்."

"அதுக்கு மேலயும் சொன்னாங்களே."

"சொன்னா. விருந்தாளிங்க ஒரு இலையைக்கூடத் தொடமாட்டாங்கன்னு வாக்குக் கொடுத்தவன் நான். பன்னெண்டு மணிப் படகுக்குள்ள எடுத்தது யாருன்னு தெரியலைன்னா நானும் அதுலயே போயிடணும். இனிமே அவ வீட்டுப் படி ஏறக் கூடாது."

"கூடப் பிறந்த அக்கா அப்படிச் சொல்வாங்களா?"

"மேடம், அவ சொன்னதை நான் சொல்றேன். குறைச்சுச் சொன்னா அதுவும் திருட்டுதான்."

இன்ஸ்பெக்டர் குழிக்குள் பார்த்தாள். அடிமண்ணில் மழைத்துளி குத்திய சின்னச் சின்னப் பள்ளங்கள். நேற்று மழை மாலை ஏழு மணிக்குத் தொடங்கி அரை மணியில் நின்றது. அப்படியென்றால் தோண்டியது ஏழுக்கு முன்பு. மருத்துவச்சி பாத்தியை விட்டு ஆற்றுக்குப் போனது ஐந்தரைக்கு. இடையில் ஒன்றரை மணி நேரம். குடியிருப்பே குளித்துக்கொண்டிருந்த நேரம்.

காலை 7.05. விருந்தினர் குடிலில் அடுப்பு எரிந்தது. அண்ணன் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது, தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் வேறொரு காட்டில் தனியாக ஒரு புதுச் செடியைப் பார்த்ததாகப் படம் வரைந்து கட்டுரை எழுதினார். காய்ந்த செடி ஒன்றை ஆதாரமாக அனுப்பச் சொன்னார்கள். அவரிடம் இல்லை. கட்டுரை திரும்பி வந்தது. அன்றிலிருந்து கல்லூரியில் அவருக்குப் பேர் 'பேய்ச்செடி வாத்தியார்'. கேட்டுக் கேட்டு அவரே சிரிக்கப் பழகியிருந்தார்.

"கிடைச்சானா பாப்பா உன் கள்ளன்?" அறுபத்தொரு வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான்.

"இல்லைண்ணா. நேத்து சாயந்திரம் நீ எங்கேயும் போகலையே?"

"முட்டி வலின்னு சொன்னேனே. இங்கதான் படுத்திருந்தேன். ஒரு ஈ காக்கா வரலை."

அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் செய்தித்தாள்கள் நாலு தொங்கின. ஒன்று அவள் முகத்தில் உரசியது. ஒதுக்கிவிட்டாள். பாதிப் பக்கத்துக்குப் புடவைக் கடை விளம்பரம். தாளின் நடுவில் விரல் ஈரமாயிற்று. ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

"சாரல் பட்டுடுச்சு," என்றார் அண்ணன். "சூடா இருக்கு, பார்த்துக் குடி."

காலை 8.00. அவள் நோட்டுப் புத்தகத்தில் மூன்று பேரை எழுதினாள். வழிகாட்டி, பயணத்தில் கூட வந்த புகைப்படக்காரி, தைலக்காரர்.

வழிகாட்டி மாலை முழுக்கப் படகுத்துறையில் மரம் அடித்துக்கொண்டிருந்தான். இருபது பேர் பார்த்திருக்கிறார்கள். புகைப்படக்காரி இன்ஸ்பெக்டரோடு சேர்ந்து ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் நின்று, அட்டை கடித்ததற்கு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பெயரையும் இன்ஸ்பெக்டர் கோடு போட்டு அடித்தாள். மிச்சம் தைலக்காரர்.

மூட்டுவலித் தைலம் காய்ச்சும் கம்பெனி முதலாளி அவர். வந்த இரண்டாம் நாளே அந்தக் கிழங்கு கொஞ்சம் வேண்டும் என்று கேட்டு, மருத்துவச்சியிடம் மூக்குடைபட்டவர்.

காலை 8.45. மூட்டைகளைச் சோதித்தார்கள். தைலக்காரரின் பையில் நாற்பது பாக்கெட் பிஸ்கட் இருந்தது. அவர் நாலு நாளாக "கடைசிப் பாக்கெட்" என்று சொல்லிப் பங்கு கொடுத்தவர். புகைப்படக்காரி அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டாள். செடி இல்லை.

அண்ணன் தன் பையைத் தானே திறந்து கொட்டினார். செடி அழுத்தும் பலகைகள் பக்கத்தில் இருந்தன. இரண்டு மரச்சட்டங்கள், நடுவில் அடுக்கடுக்காகச் செய்தித்தாள், சுற்றி இறுக்கிய வார். அதையும் அவிழ்க்கப் போனார்.

"அது கிடக்கட்டும்ணா," என்றாள் அவள். "உன்னோடதை நான் பார்த்து என்ன ஆகப்போகுது?"

அவளுக்குத் தெரிந்து, பலகைக்குள் இருந்தவை முதல் முகாமில், இந்தக் குடியிருப்பின் எல்லைக்கு வெளியே, அனுமதியோடு சேகரித்த இலைகள். முந்தின நாள் பகலில்கூட அண்ணன் காலை நீட்டிக்கொண்டு சொல்லியிருந்தார்: "எல்லாம் சருகாக் காஞ்சாச்சு. தாள் மாத்துற வேலைகூடக் கிடையாது. இப்பத்தான் நிஜமா ரிட்டயர் ஆன மாதிரி இருக்கு."

காலை 9.50. தைலக்காரரை வேலி ஓரம் நிறுத்திக் கேட்டாள்.

"நேத்து அஞ்சரைக்கு எங்க போனீங்க?"

"சிக்னல் தேடி மேட்டுக்கு."

"கிடைச்சுதா?"

"குரங்குதான் கிடைச்சுது. தொப்பியைப் பிடுங்கிட்டுப் போயிடுச்சு."

"யாராவது பார்த்தாங்களா?"

"அந்தக் குரங்கைக் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்லச் சொல்றீங்களா?" அவருக்குக் குரல் ஏறியது. "மேடம், எனக்குக் கிழங்கு மேல ஆசைதான். மறைக்கலை. மருந்து அதுலதானே இருக்கு? திருடுறவன் கிழங்கை எடுத்துட்டுப் பூவை விட்டிருப்பான். பூவைப் பத்திரமா எடுத்துக்கிட்டுப் பாதிக் கிழங்கைக் குழியிலயே போட்டுட்டு வர நான் என்ன கூமுட்டையா?"

அவள் நோட்டுப் புத்தகத்தை மூடினாள்.

காலை 10.20. மறுபடியும் குழிக்குப் போனாள். பாதிக் கிழங்கைக் கையில் எடுத்துத் திருப்பினாள். பிடுங்கும்போது உடைந்தது இல்லை. பங்கு போட்டதும் இல்லை, பங்கு போடுகிறவன் குறுக்காக வெட்டுவான். மேலிருந்து அடிவரை, தண்டு ஒட்டிய இடத்தையும் சேர்த்து, நிதானமாகப் பிளந்திருக்கிறது. கிழங்கு யாருக்கோ பாரமாக இருந்திருக்கிறது. ஆனால் முழுக்க வேண்டாம் என்றும் இல்லை.

அவளுக்கு அப்போது ஒரு சமையலறை மேஜை ஞாபகம் வந்தது. அண்ணன் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவள் பள்ளிக்கூடம். சேப்பங்கிழங்குச் செடி ஒன்றைத் தாளில் படுக்கவைக்க அவர் படாத பாடு படுகிறார். கடைசியில் அம்மாவின் கத்தியை எடுக்கிறார். "தடிமனா இருந்தா பலகைக்குள்ள படுக்காது பாப்பா. நெடுக்கப் பிளந்து ஒரு பாதி எடுத்தாப் போதும். இலை, பூ, வேர், எல்லாம் ஒரே தாள்ல தெரியணும்." தாள் மாற்றுவது அவள் வேலை. பச்சைச் செடி ஓர் இரவு இருந்தாலே தாள் நடுவில் நனைந்துவிடும். மாற்றாவிட்டால் கறுத்துப்போகும்.

நடுவில் ஈரம். ஓரம் அப்பளம். சாரல் ஓரத்திலிருந்துதான் நனைக்கும்.

கிழங்கைக் குழியிலேயே வைத்துவிட்டுக் குடிலுக்கு நடந்தாள்.

காலை 10.55. குடிலில் அண்ணன் மட்டும் இருந்தார்.

"அண்ணா, வாரை அவிழ்."

அவர் அவிழ்க்கவில்லை. மறுக்கவும் இல்லை.

"ராத்திரி வெச்சதை விடியக்காலையில தாள் மாத்தியிருக்கே," என்றாள். "மாத்தாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"கறுத்துப் போயிருக்கும் பாப்பா." கைகளைப் பார்த்துக்கொண்டார். "கை சும்மா இருக்கலை."

"அதேதானா?"

"அதேதான். அந்தப் படத்துல வரைஞ்ச ஏழு நரம்பும் அப்படியே இருக்கு. நேத்து பார்த்தப்போ எனக்குக் கை கால் ஓடலை. முப்பத்தோரு வருஷம் பாப்பா. பசங்க முதுகுக்குப் பின்னால சிரிச்சப்போ நீயா வந்து கேட்டே?"

"போட்டோ எடுத்துக் காட்டியிருக்கலாமே."

"போட்டோவையா? மறுபடியும் சிரிப்பாங்க." குரலைத் தாழ்த்தினார். "இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்கு. எல்லாருக்கும் தைலக்காரர் மேலதான் சந்தேகம். உன்கிட்ட ஆதாரம் இல்லைன்னு சொல்லிடு. பொய் சொல்ல வேணாம், வாயைத் திறக்காம இரு, போதும்."

"அந்தத் தம்பி? அவன் வீடு?"

"அவன் சின்ன வயசுக்காரன். எங்க போனாலும் பிழைச்சுக்குவான்."

அண்ணன் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்பது பின்னாளில் அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அவர் சொல்லிவிட்டார். அவள் குனிந்து பலகையைத் தூக்கிக்கொண்டாள்.

காலை 11.30. மருத்துவச்சியின் வீட்டு வாசலில் பத்திருபது பேர் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் பேசப் பேச வழிகாட்டி அவர்கள் மொழியில் சொன்னான்.

"எடுத்தது எங்க அண்ணன். நேத்து சாயந்திரம் எல்லாரும் ஆத்துல இருந்தப்போ. மருந்துக்காக எடுத்திருந்தா முழுக் கிழங்கும் போயிருக்கும். வளர்க்க எடுத்திருந்தா கிழங்குல கத்தியே பட்டிருக்காது. இப்படி நெடுக்கப் பிளக்குறது செடியைத் தாளுக்கு நடுவுல காயவைக்கிறவங்க மட்டுந்தான். அடுப்புமேல தொங்குன தாள் நடுவுல நனைஞ்சிருந்துச்சு. பழைய இலைங்க அதுக்கு முன்னாலயே சருகாக் காஞ்சாச்சு. காலையில ஏழு மணிக்கே அது என் விரல்ல பட்டுச்சு. நான் மூணு பேரை எழுதினேன். நாலாவதா இவரை எழுதலை. இவர் பலகையைச் சோதிக்கவும் இல்லை. அது என் தப்பு."

"வாத்தியாரய்யாவா?" என்றார் தைலக்காரர்.

மருத்துவச்சி வாரை அவிழ்த்தாள். ஒன்பதாவது தாளில் செடி கிடந்தது. இலைகள் ஒன்றின் மேல் ஒன்று படாமல் விரித்து, பூவைச் சற்றே திருப்பி, பாதிக் கிழங்கின் வெட்டுவாய் மேல்பக்கம் தெரியப் படுக்கவைத்திருந்தது. நல்ல கைவேலை. அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு பேராசிரியரைப் பார்த்து ஏதோ சொன்னாள். கோபமான குரல் இல்லை.

வழிகாட்டி அதைத் தமிழில் சொன்னான்.

"விதை விழுந்ததும் இந்தச் செடி தானா வாடிடுமாம், கிழங்குலயும் மருந்து இருக்காதாம். பிடுங்கித் தூரப் போட்டுட்டு, புதுசா விதைப்பாளாம். வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பதினஞ்சு நாள் கழிச்சு வேரோட உங்ககிட்ட கொடுத்திருப்பேன், எனக்கு அது எதுக்குன்னு கேக்குறா."

பேராசிரியர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முட்டி நிஜமாகவே வலிக்கிறவர் உட்காருவதைப் போல, கையை ஊன்றி, மெதுவாக.

பகல் 12.05. படகு வந்தது. தைலக்காரர் பிஸ்கட் மூட்டையைப் படியில் வைத்துவிட்டு ஏறினார். புகைப்படக்காரி படம் எடுக்கவில்லை. அண்ணன் முன்பக்கம் உட்கார்ந்தார். தங்கை பின்பக்கம் உட்கார்ந்தாள். அடுத்த துறை வரை ஆறு மணி நேரம். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மழை வந்தபோது அவள் தன் குடையை முன்னால் அனுப்பினாள். அது கை மாறிக் கை மாறி, விரியாமலே திரும்பி வந்தது.

அக்டோபர் முதல் வாரத்தில் வழிகாட்டி துறை ஊருக்கு வந்தபோது அவளுக்குப் போன் செய்தான். அக்கா வீட்டில்தான் இருக்கிறான். இனி வெளியாட்களை அழைத்து வருவதில்லை என்று முடிவாகிவிட்டது. அவன் இப்போது படகுத்துறையில் தச்சுவேலை பார்க்கிறான். பாதிக் கிழங்கை அன்றைக்கே நட்டார்கள். நாற்பது நாள் பார்த்துவிட்டுத் தோண்டியபோது அழுகியிருந்தது. மற்ற இரண்டும் பூக்க இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும்.

"உங்க அண்ணன் எப்படி இருக்கார் மேடம்?" என்று கேட்டான்.

தெரியவில்லை என்றாள். ஊர் திரும்பிய பிறகு அவர் அவளுடைய போனை எடுக்கவில்லை.