கிணற்றடியில் கூப்பிட வேண்டிய பெயர்

கதவைத் திறந்ததும் செல்லரித்த காகித வாடை முகத்தில் அடித்தது. வெளியே உச்சிவெயில் கொளுத்தியது. தாலுகா ஆபீஸின் அந்தப் பதிவறைக்குள்ளோ குண்டு பல்பு எரிந்தும் இருட்டுப் போகவில்லை. திருப்பூரில் நாலு நிட்டிங் மிஷின் ஓட்டும் ஆறுச்சாமி அங்கே வந்தது சொத்துக்காக அல்ல, மகளுக்காக.

ஒன்பது வயது ஞானாம்பாள் இருபது நாளாய்க் கண் திறக்கவில்லை. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். காங்கேயத்தில் குறி சொல்லும் மாரக்காள்தான் வழி சொன்னாள்.

"உங்க வம்சத்துல கன்னியாச் செத்த புள்ள ஒண்ணு துணி கேக்குதுங்க. பேரையும் செத்த எடத்தையும் கண்டுபிடிங்க. அங்கயே போயி புதுப்பாவாடை வெச்சுக் கூப்புடோணும். ஊட்டுல வெச்சு மட்டும் கூப்புட்டுறாதீங்க."

அப்படி ஒருத்தி இருந்ததே வீட்டில் யாருக்கும் தெரியாது. கொள்ளுத்தாத்தா வெள்ளியங்கிரியின் பழைய பத்திரத்தில் ஒரு சர்வே எண் இருந்தது, அவ்வளவுதான். எழுத்தர் கன்னையன் அதைப் பிடித்துக்கொண்டு அவிநாசிப் பக்கத்து வரைபடம் ஒன்றை விரித்தார். அந்த எண்ணுள்ள நிலத்தின் வடமேற்கு மூலையில் கிணறு. பிறகு அந்த ஊரின் இறப்புப் பதிவேட்டைப் புரட்டினார். வருடம் 1911.

பொன்னாத்தாள். தகப்பன் வெள்ளியங்கிரி. வயது ஒன்பது. கிணற்றில் விழுந்து.

"பாவமுங்க," என்றார் கன்னையன் மெதுவாக.

விழுந்தடித்துக்கொண்டு அந்த நிலத்துக்குப் போனான் ஆறுச்சாமி. அங்கே சாயப்பட்டறை நின்றது. கிணற்றை மூடி அதன்மேல் பாய்லரை வைத்திருந்தார்கள்.

"மொதலாளி இல்லாம உள்ள விட முடியாதுண்ணே. திங்கக்கெழம வாங்க," என்றான் காவலுக்கு நின்ற சுடலை.

திங்கள்வரை பிள்ளை தாங்குமா? தலைக்குமேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று, அன்று மாலை வீட்டிலேயே மகளின் கட்டிலருகே புதுப்பாவாடையை வைத்துப் பொன்னாத்தாளை மூன்று முறை கூப்பிட்டுவிட்டான். பெற்றவன் வேறென்ன செய்வான்?

அறையில் பாசி வாடை அடித்தது.

மகள் எழுந்து உட்கார்ந்தாள். சோறு கேட்டாள். மூன்று தட்டுச் சாப்பிட்டாள். அவன் மனைவி செல்லாத்தாள் சந்தோஷத்தில் வாய்விட்டு அழுதாள். பிள்ளை புதுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றது.

"ஞானாம்பா, கண்ணு, இங்க வா," என்றான் ஆறுச்சாமி.

திரும்பவில்லை.

"கண்ணு!"

அசைவே இல்லை.

ஆறுச்சாமி அவள் கிட்டே போனான். மனைவி காதில் விழாதபடி கூப்பிட்டான்.

"பொன்னாத்தா..."

சட்டென்று திரும்பிச் சிரித்தாள்.

"எத்தன வருசமாச்சுங்க, என்னையப் பேரு சொல்லி ஒருத்தரு கூப்புட்டு!"