இருபது மூலக்கூறுகள் வரை

தினமும் காலை ஐந்தரைக்கு நீர்ப் பரிசோதகர் ஜெசிந்தா அனுமதித் தாளில் கையெழுத்திடுவாள். அதன் பிறகுதான் காயல்பட்டினத்துக் குழாய்களில் கடல்நீர் குடிநீராக ஓடும். நீர் நிலையத்தில் வால்வைத் திறக்கும் மொகுதூம், முதல் டம்ளரைத் தானே குடித்துப் பார்ப்பார்.

நிலத்தடி நீர் வற்றி முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. உப்பு நீக்கிய பிறகும் கடல்நீரில் தங்கிய காட்மியம் என்ற நச்சு உலோகத்தை, அதில் கலக்கும் ஒரு பிணைப்பு மருந்து இறுகப் பற்றி, உடலில் தங்கவிடாமல் வெளியேற்றிவிடும். அந்தப் பிடி தண்ணீருக்குள் நிலைக்கிறதா என்று நேரடியாகக் கண்டறிய மாதக்கணக்கில் ஆகும். அதனால் திரள்மானி என்ற கருவியின் வெற்றிடத்தில், காட்மியத்தைப் பற்றிய மருந்தை மட்டும் மிதக்கவிட்டு, நீர் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். இருபது சேர்ந்த பிறகும் பிடி விடாவிட்டால், முழுக் கடலிலும் விடாது. சட்டம் அப்படித்தான் சொன்னது.

சித்திரையில் புதிய மருந்து வந்தது. பழைய மருந்து தீர்ந்து, ஊரில் ஒன்பது நாளாகத் தண்ணீர் இல்லை. இருபது வரை பிடி விடவில்லை. ஏதோ சந்தேகத்தில் ஜெசிந்தா மேலும் சேர்த்துப் பார்த்தாள். நாற்பத்து மூன்றாவது மூலக்கூறில் காட்மியம் கழன்று போனது. கருவியின் பிழையாக இருக்கும் என்று தன்னையே நம்பவைத்து, அந்த அளவை அழித்துவிட்டுக் கையெழுத்திட்டாள். மறுபடி சோதிக்கத் தைரியம் வரவில்லை.

ஆவணியில் மொகுதூமின் சிறுநீரகங்கள் பழுதாயின. மருத்துவமனையில் அவளைக் கண்டதும் எழுந்து உட்கார முயன்றார்.

"வேலைய விட்டுட்டு வந்திருக்கீங்களே மேடம்."

"படுங்கண்ணே. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." அவள் கட்டிலருகே அமர்ந்தாள். "அந்த மருந்து தண்ணியில பிடிய விட்டுருது. திறக்கறதுக்கு முந்தின நாளே பார்த்தேன். மறைச்சுட்டேன்."

அவர் தன் கையில் ஏறியிருந்த குழாயையே பார்த்தார்.

"சட்டத்துக்கு இருபதுதானே மேடம்?"

"சட்டத்துக்கு இருபது. எனக்குத் தெரிஞ்சது நாப்பத்திமூணு."

"இன்னைக்குத் தண்ணி?"

ஜெசிந்தா தலை குனிந்தாள். "காலையில கையெழுத்து போட்டுட்டுத்தான் வந்தேன்."

மொகுதூமின் முகம் மாறியது. "என் வீட்டுக்காரி இப்ப சோறாக்கிட்டு இருப்பா" என்றார். அவள் கைகூப்புவதைப் பார்த்ததும் குரல் உயர்ந்தது. "மன்னிப்பெல்லாம் அப்புறம் கேளுங்க மேடம். முதல்ல போய் வால்வ அடைக்கச் சொல்லுங்க!"

அவள் நடைகூடத்தில் ஓடிக்கொண்டே நிலையத்தை அழைத்தாள். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை. வழியில் இருந்த குடிநீர்க் குழாயடியில் எட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவர் டம்ளரை வாயருகே கொண்டுபோயிருந்தார்.

"குடிக்காதீங்க!" என்று ஜெசிந்தா கத்தினாள்.

எட்டுப் பேரும் திரும்பி, ஏன் என்று கேட்டார்கள்.