இரண்டாம் பெட்டியை எழுப்பிய நாள்

விடுமுறை நாள் என்பதால் அலுவலகத்தில் ஆளில்லை. காலை பத்து மணிக்கு அண்ணனும் தங்கையும் சர்வர் அறைக்குள் நுழைந்தார்கள். வழக்கமான குளிர், விசிறிகளின் வழக்கமான இரைச்சல், சூடேறிய பிளாஸ்டிக் வாடை.

அவள் ஃபயர்வால் பார்ப்பவள். அவன் கேபிள் இழுப்பவன்.

வேண்டாதவர்களை வெளியே நிறுத்தும் ஃபயர்வால் பெட்டிகள் அங்கிருந்த இரும்பு அடுக்கான ரேக்கில் இரண்டு. ஒன்று உழைக்கும், மற்றது படுத்திருக்கும். முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது எழும். அதை எழவிடாமல் ஆறு வருடமாக அலுவலகத்தார் காத்து வந்தார்கள். ரேக்கில் அதை ஏற்றியவன் அன்றே அதனடியில் நெஞ்சு நசுங்கிச் செத்தான். அந்த ஆறு வருடத்துக்கு முன் அது எழுந்த ஒரே தடவை, பக்கத்தில் நின்றவளின் மண்டை பிளந்தது.

"நாம இன்னைக்குப் போடுற புது ஏற்பாட்டுல என்ன வித்தியாசம்?"

"தூக்கமே கிடையாதுண்ணா. ரெண்டும் எப்பவும் முழிச்சிருந்து வேலையைப் பங்கு போட்டுக்கும்."

"அதான் உங்க மேனேஜர் கடுகு லீவு போட்டுட்டாரா?"

"அவர் தன் நிழலைப் பார்த்தே எண்ணெயில போட்ட கடுகா எகிறிக் குதிப்பார். நீ பேசாம மாட்டு."

முதலாவதைப் புது முறைக்கு ஏற்கெனவே மாற்றியிருந்தாள். இரண்டாவதிலும் பழைய அமைப்புகளை அழித்துத் தயார் செய்தாயிற்று. அவன் ரேக்குக்குப் பின்னால் போய் இணைப்புக் கேபிளைச் செருகினான்.

திரையில் வந்தது: இணைந்த பெட்டிகள் இரண்டு. இரண்டும் விழிப்பில்.

"பார்த்தியா, ஒண்ணும் ஆகலை!"

விசிறிகள் நின்றன.

அந்த அமைதியில் யாரோ நீளமாக மூச்சு இழுத்தார்கள்.

"அண்ணா... நீயா?"

ரேக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

நீலக் கேபிள் அவன் கழுத்தை இறுக்கியிருந்தது. அது அவனைப் பின்னுக்கு இழுத்து, முகத்தை ரேக்கின் இரும்புச் சட்டத்தில் மோதியது. மறுபடி மோதியது. பற்கள் தரையில் சிதறின.

பெட்டியைப் படுக்க வைக்கும் கட்டளையைத் தட்டினாள். புது முறையில் அப்படி ஒரு கட்டளையே இல்லை.

மின்கம்பியைப் பிடுங்கினாள்.

பெட்டியின் விளக்கு அணையவில்லை.

அவன் பையிலிருந்து வெட்டுக்குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு பாய்ந்தாள். மற்ற கேபிள்கள் சாட்டையாய் விளாசி அவள் கன்னத்தைக் கிழித்தன. கண்ணில் ரத்தம் வழிய, கழுத்துச் சுருக்கை வெட்டினாள். தீயணைப்பு உருளையைத் தூக்கி, பெட்டி தகடாகும்வரை அடித்தாள்.

"மூச்சு விடுண்ணா! அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

அவன் இருமினான். ரத்தமும் காற்றும் சேர்ந்து வந்தன.

உயிர் இருந்தது.

ஆம்புலன்ஸில் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். எதிரே நர்ஸ். வண்டி திரும்பியபோது ஒரு கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. அழுகையும் சிரிப்புமாய் அவள் குனிந்தாள்.

"முழிச்சிட்டியாண்ணா? மெதுவா... வலிக்குதுடா."

பிடி இறுகியது.

"யார்கிட்டம்மா பேசுறீங்க?" என்றாள் நர்ஸ். "அவருக்கு இன்னும் நினைவு வரலை. ரெண்டு கையையும் இந்தப் பட்டைக்குள்ளதானே கட்டி வச்சிருக்கேன்."

சூடேறிய பிளாஸ்டிக் வாடை எழுந்தது. அவள் மணிக்கட்டு எலும்பு முறியும் சத்தம் இருவருக்கும் கேட்டது.