வாசலைத் திருப்பி வையுங்கோ!

மழை என்றால் அப்படி ஒரு மழை! ஜெர்மன் மழை வழக்கமாகச் சிணுங்கும், அவ்வளவுதான். அன்றைக்கோ வாய்விட்டே அழுதது.

ஹம் நகரத்துக்குப் பக்கத்துச் சிற்றூரின் எல்லையில், ஒரு புல்வெளியில், மஞ்சள் மழைக்கோட்டுக்குள் முழுசாகப் புதைந்து நின்றாள் ஆதிரை. நகரசபையின் கட்டிடத் திட்டப் பிரிவில் அவளுக்கு வேலை. தொழிற்சாலையில் செய்த வீடுகளை லொறியில் கொண்டுவந்து இறக்கி வாடகைக்கு விடப்போவதாக ஒரு கொம்பனி விண்ணப்பித்திருந்தது. நாற்பது வீடுகள். அந்த இடம் அதற்குத் தோதுதானா, அக்கம்பக்கத்தாருக்கு இடைஞ்சல் வருமா என்று பார்த்துச் சொல்லவேண்டியது அவள் பொறுப்பு. தனியாக அவள் கைக்கு வந்த முதல் பெரிய வேலை. யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

கொம்பனியின் பொறியியலாளன் வந்து சேர்ந்தான்... பளபளக்கிற தோல் சப்பாத்தோடு! நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு சப்பாத்தைச் சேறு விழுங்கிவிட்டது. ஒற்றைக் காலில் நின்றபடி போனில் யாருக்கோ புலம்பினான்.

"டேய் பாரத், ஷூ போச்சுடா! ஆபீசரம்மா வேற வந்து நிக்குறாங்க. மூஞ்சியே தெரியல, கோட்டுக்குள்ள ரெண்டு கண்ணு மட்டும்தான் தெரியுது... ஆனா என்ன கண்ணுடா அது! அந்தக் கண்ணால ஒரு தடவை பாத்தா நம்ம ப்ளான் காலி!"

ஆதிரை தொப்பியைப் பின்னால் தள்ளினாள்.

"முதல்ல சப்பாத்தை எடுங்கோ. பிளானைப் பிறகு காலி பண்ணுவம்."

போன் கையிலிருந்து நழுவிப் புல்லுக்குள் விழுந்தது.

"நீங்க... தமிழா?"

"ஓம். பிறந்தது வுப்பர்டால், அப்பா அம்மா யாழ்ப்பாணம். கண் அப்பாவின்ர பக்கமோ அம்மாவின்ர பக்கமோ தெரியாது."

அவன் பெயர் பிரதாப். கோயம்புத்தூர்க்காரன், ஹனோவரில் வேலை. சிரிக்கும்போது ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழுந்தது. ஆதிரை அதைக் கவனிக்கவே இல்லை... என்று அவளே பலமுறை தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

காருக்குள் உட்கார்ந்து வரைபடத்தை விரித்தார்கள்.

"எல்லா வாசலும் றோட்டைப் பாத்துக்கொண்டு நிக்குது, பஸ்சுக்கு லைன்ல நிக்கிற மாதிரி. பிள்ளையள் எங்க விளையாடுறது? வாசலைத் திருப்பி வையுங்கோ. நடுவில ஒரு முற்றம் வரட்டும்."

"மேடம், தண்ணி லைன், கரண்ட் லைன் எல்லாம் மாறும். வாசலைத் திருப்புறது தோசையைத் திருப்புற மாதிரியா?"

"திருப்பாமல் விட்டா, தோசையும் ஒரு பக்கம்தானே வேகும்?"

அவன் வரைபடத்தைச் சுருட்டினான். கன்னத்தில் குழி விழுந்தது.

அந்தக் கோடை முழுக்க வரைபடங்கள் வருவதும் திரும்பிப் போவதுமாக இருந்தன. தபாலில் அனுப்பினால் போதும். பிரதாப் நேரிலேயே கொண்டுவந்தான். அலுவலகத்துக்குள் ஜெர்மன்தான், மற்றவர்களுக்கும் விளங்கவேண்டுமே. வெளிக்கதவு வரை அவனை வழியனுப்பப் போகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் தமிழ். "மேடம், தோசை திரும்பிடுச்சா?" என்பான். "இன்னும் வேகேல்லை" என்பாள். இந்தப் பேச்சுக்காகவே கூட்டம் சுருக்காக முடியாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது... தீபாவளி வரும்வரை.

அன்றைக்குப் பிரதாப் ஒரு டப்பாவோடு வந்து, எல்லாரும் பார்க்க அவள் மேசையில் வைத்தான். அதிரசம்! விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது விண்ணப்பக்காரரிடம் ஒரு சொக்லேட்கூட வாங்கக்கூடாது, இந்த ஊர் அதிகாரிகளுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு. பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. பதற்றத்தில் ஆதிரைக்குத் தமிழே வந்தது.

"இது இங்க லஞ்சம். திருப்பிக் கொண்டு போங்கோ."

"ஐயோ மேடம், நல்ல நாளும் அதுவுமா வெறுங்கையோட போகக்கூடாதுன்னு அம்மா ஊர்லேர்ந்து அனுப்பி..."

"உங்கட அம்மாவுக்கு அறிவில்லாட்டியும் உங்களுக்கு இருக்கவேணும்!"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய சொல் என்று அவளுக்கே உறைத்தது. பிரதாப்பின் முகம் சுருங்கிவிட்டது. டப்பாவை எடுத்துக்கொண்டு, "சாரி மேடம்" என்று மட்டும் சொல்லிப் போனான். அதற்குப் பிறகு மின்னஞ்சல்கள்தான் வந்தன. எல்லாம் ஜெர்மனில், "மதிப்புக்குரிய" என்று தொடங்கின.

சட்டப்படி சரிதான். ஆனால் அவனுடைய அம்மாவை ஏன் இழுத்தேன்... என்று ஆதிரை உள்ளுக்குள் வெந்தாள். போன் எடுத்து ஒரு மன்னிப்புக் கேட்கலாம். அதிகாரி போய் விண்ணப்பக்காரனிடம் மன்னிப்பா? ரோஷம் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

தை மாதத்தில் ஊர்மக்களின் கருத்தைக் கேட்கப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஒரு கிழவர் எழுந்து, முன்வரிசையில் இருந்த பிரதாப்பைக் கைகாட்டினார்.

"பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கப் போகிறீர்கள்! எங்கிருந்தோ வருகிற உனக்கு எங்கள் ஊரைப் பற்றி என்ன தெரியும்?"

சிலர் கைதட்டினார்கள். பிரதாப் எழுந்தான். தட்டுத் தடுமாறிய ஜெர்மன்தான், ஆனாலும் நிதானமாகப் பேசினான்.

"இந்த நாட்டில் வீடு தேடி அலைவது எப்படி என்று எனக்குத் தெரியும் ஐயா. என் பெயரைச் சொன்னதும் 'வீடு ஏற்கெனவே வாடகைக்குப் போய்விட்டது' என்பார்கள். உங்கள் ஆஸ்பத்திரித் தாதிமாரும் இங்கே வீடில்லாமல் தூரத்திலிருந்துதான் வருகிறார்கள். முதலில் நான் வரைந்தது பெட்டி வரிசைதான். நகரசபை அதிகாரி வாசலைத் திருப்பச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. இப்போது பாருங்கள்... சமையலறையில் நிற்கிற தாய்க்கு முற்றத்தில் விளையாடுகிற பிள்ளை தெரியும். அவர் சொன்னதுதான் சரி."

அவளை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. கிழவர் தாடையைச் சொறிந்தார். "முற்றத்தில் மரம் வைப்பாயா?" என்றார். மண்டபம் சிரித்தது.

அடுத்து ஆதிரை நகரசபையின் மதிப்பீட்டைச் சொல்லவேண்டும். எழுந்தாள். சொல்லவேண்டிய நியாயங்கள் எல்லாம் தயாராகத்தான் இருந்தன. ஆனால் கிழவர் அவனை 'உனக்கு' என்றபோது குஞ்சைத் தொட்டால் பாய்கிற கோழி மாதிரிப் பாய நினைத்தாளே... அது அதிகாரியின் கோபமா? இல்லை. இல்லவே இல்லை. நடுநிலை தவறினால் தானே சொல்லி விலகிக்கொள்ளவேண்டும் என்பது வேலைக்கு வந்த முதல் நாளே படித்த பாடம். மறைத்துக்கொண்டு பேசினால், நாளைக்கு யாராவது கிளறினால் நாற்பது வீடுகளும் அந்தரத்தில் நிற்கும்.

பக்கத்திலிருந்த மேலதிகாரி அன்னாவிடம் குனிந்தாள்.

"என்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள். என்னால் நடுநிலையாக இருக்க முடியாது."

அன்னா கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். "அந்தப் பையனா? ஏதாவது உறவா?"

"இல்லை... அவருக்கே தெரியாது. எனக்கே இப்போதுதான் தெரியும்."

அன்னா வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒலிவாங்கிக்குக் கை நீட்டினாள். "இனி இதை நானே முதலிலிருந்து பரிசீலிப்பேன்" என்று அவள் சபைக்கு அறிவித்தபோது பிரதாப்பின் முகம் வெளிறியது.

இடைவேளை விட்டதும் வெளியே ஓடிவந்தான். தூறிக்கொண்டிருந்தது.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க? உங்க முதல் பெரிய வேலை! என் மேல கோபம்னா என்னைத் திட்டியிருக்கலாமே... நான் விலகியிருப்பேனே!"

"கோபம் இல்லை. உங்கட அம்மாவை இழுத்துக் கதைச்சது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எப்பவோ கேட்டிருக்கவேணும்."

அவன் தரையைப் பார்த்தான்.

"நானும் ஒண்ணு சொல்லணும். மூணாவது ப்ளான்ல ஒரு ஜன்னல் தப்பா இருந்துச்சுல்ல... அது வேணும்னே வச்சது. நீங்க திருப்பி அனுப்பினாதானே நான் மறுபடி வர முடியும்?"

"அடப்பாவி! அதுக்கு நான் ஒரு பின்னேரம் முழுக்கக் கணக்குப் பாத்தனான்!"

"தெரியும். இனி ஃபைலே உங்ககிட்ட இல்ல. நான் எதைச் சாக்கு வச்சு வர்றது?"

அவன் இமைகளில் மழைத்துளிகள். ஆதிரை அவனை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"சாக்கு வேண்டாம். அந்தக் கிழவர் உங்களை அப்பிடிப் பேசினவுடன எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அதிகாரி ஒருத்தரின்ர பக்கமும் சாயக்கூடாது. நான் சாய்ஞ்சிட்டன், பிரதாப். இனி நிமிர ஏலாது."

பிரதாப் ஈரமாய் இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டான். உள்ளே அன்னா கூட்டத்தை மறுபடி தொடங்குகிற சத்தம் கேட்டது. கைவிட்டுப் போன வேலைக்காக ஆதிரை அன்றைக்குத் துளிகூட வருத்தப்படவில்லை.