வேறொருவர் படிவத்தில் பெர்னடெட்

மார்ச் முதல் சனிக்கிழமை, காலை 10.20. திரையில் சிவப்பு எழுத்தில் ஒரே வரி: படிவம் நிராகரிக்கப்பட்டது.

பெர்னடெட் அதை மூன்று முறை படித்தாள். அமெரிக்காவின் ஈரி நகர நூலகத்தின் கீழ்த்தளத்தில், வரி கட்டும் பருவம் முழுக்க, இலவசமாகப் படிவம் நிரப்பிக் கொடுப்பார்கள். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த மேக்சின் முப்பது வருடம் காப்பீட்டு மோசடிகளைத் துருவியவள். ஓய்வு பெற்ற பிறகும் துருவுவதை அவள் நிறுத்தவில்லை.

"உங்க வரி எண்ணை வேற யாரோ ஏற்கெனவே அவங்க படிவத்துல போட்டுட்டாங்க, பெர்னி."

"அப்போ என் எண்ணூத்து நாப்பது டாலர்?"

"இப்போதைக்குப் போச்சு."

கல்லூரிக் கட்டணம் கட்டியவர்களுக்கு வரியில் கிடைக்கும் சலுகை அது. நாற்பத்தாறு வயதில் சுவாச சிகிச்சைப் படிப்பில் சேர்ந்து, முதல் வருடம் 2,400 டாலர் கட்டியிருந்தாள் பெர்னடெட். இந்த மாதம் 28ஆம் தேதிக்குள் இன்னும் 780 கட்டினால்தான் மருத்துவமனைப் பயிற்சியில் இடம். இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வங்கியில் இருந்தது 61 டாலர்.

மேக்சின் பேனாவைத் திறந்தாள். "யார் மேல சந்தேகம்?"

"ராய். என் முன்னாள் புருஷன்."

"பிரிஞ்சு எத்தனை வருஷம்?"

"ஆறு."

"உங்க எண் அவருக்குத் தெரியுமா?"

"என் பொறந்தநாளே தெரியாது அந்த ஆளுக்கு."

"உங்க வேலை?"

"பேக்கரி ஆலையில ஆள் குறைச்சாங்க. இப்போ லாண்டரியில, வாரத்துல ஒரு நாள். போன வருஷம் மொத்தமே மூவாயிரத்துத் தொள்ளாயிரம். அதுல பாதிக்கு மேல கல்லூரிக்கே போச்சு."

"யார் கூட இருக்கீங்க?"

"பையன் கூட. வேட். இருபத்தஞ்சு வயசு, பிளாஸ்டிக் ஆலையில ஷிப்ட் மேற்பார்வை."

மேக்சின் தலையை நிமிர்த்தாமல் காகிதங்களைப் புரட்டினாள். ஓட்டுநர் உரிமத்தில் மேற்கு 26ஆம் தெரு. கல்லூரி அனுப்பிய கட்டணச் சான்றில் ஒரு தபால் பெட்டி எண். இரண்டையும் அருகருகே வைத்தாள்.

"வீட்டுக் கதவுல தபால் போடுற இடம் இல்லையா?"

பெர்னடெட்டின் முகம் சூடானது. கேக் அலங்கார வகுப்பு, வீட்டுத் தரகர் தேர்வு, தையல்: அவள் ஆர்வமாக ஆரம்பித்துப் பாதியில் விட்டதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் வேட். ஒருமுறைகூடக் கேலி செய்ததில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தேறிய பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டாள். செவ்வாயும் வியாழனும் பிங்கோ சூதாட்டத்துக்குப் போவதாகச் சொல்லி வைத்திருந்தாள்.

"அவனுக்கு நான் படிக்கிறது தெரியாது."

"ம்." மேக்சின் பேனாவை மூடினாள். "திருடு போகல. போட்டது யாருன்னு எனக்குத் தெரியும். அவங்களை இங்க கூப்பிட்டா உங்க ரகசியம் போயிடும். நீங்களே முடிவு பண்ணுங்க."

10.55. அறைக் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. பெர்னடெட் தன் கைகளைப் பார்த்தாள். மாதிரி நுரையீரலில் குழாய் செலுத்திப் பழகிய கைகள். பேராசிரியர் அவற்றைப் பார்த்து, "நடுக்கமே இல்லை" என்றிருந்தார். கைபேசியை எடுத்து மகனை அழைத்தாள்.

11.15. பனிச் சகதி ஒட்டிய காலணியோடு வேட் வந்து நின்றான்.

"என்னம்மா? பிங்கோவுல வீட்டை வெச்சுத் தோத்துட்டியா?"

"உட்காருங்க வேட்," என்றாள் மேக்சின். "வரிப் படிவம் அனுப்பிட்டீங்களா?"

"பிப்ரவரியிலயே. ஏன்?"

"அதுல உங்களைச் சார்ந்து இருக்கிறவங்கன்னு ஒரு கட்டம் வருமே?"

வேட் அம்மாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "நான்தான் போட்டேன். யாரையாவது நீங்க பாத்துக்கறீங்களான்னு கேட்டுச்சு. உன் பேரைப் போட்டேன். சொன்னா நீ சங்கடப்படுவேன்னு..."

பத்தொன்பது வருடம் அந்தக் கட்டத்தில் அவன் பெயரை எழுதியவள் அவள். இப்போது அதில் தன் பெயர்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று பெர்னடெட் மேக்சினிடம் கேட்டாள்.

"திருடனா இருந்தா உங்க பேர்லயே முழுப் படிவம் போட்டு, வர்ற பணத்தைச் சுருட்டியிருப்பான். இங்க யாரோ உங்களைத் தன் குடும்பத்து ஆளா எழுதியிருக்காங்க. ராய்க்கு அந்த உரிமை இல்ல. உங்க சம்பளத்துல மிஞ்சுறது வாடகைக்குக் காணாது. அப்போ வாடகையும் சாப்பாடும் யார் குடுக்கிறாங்க? வேட் செஞ்சது சட்டப்படி சரி. ஒண்ணுதான் விட்டுப்போச்சு. அதைத் தபால் பெட்டி சொல்லிடுச்சு. கல்லூரிச் சான்று வீட்டுக்கு வரவே இல்ல. வந்திருந்தா சலுகையையும் இவரே கேட்டிருப்பாரு."

"கல்லூரியா?" என்றான் வேட்.

பெர்னடெட் சொன்னாள். எல்லாவற்றையும், ஒரே மூச்சில். மதிப்பெண்கள் வரைக்கும்.

"பிங்கோன்னதும் உனக்கு யாரோ ஒரு ஆளு இருக்காருன்னு நெனச்சேன்மா. அவருக்குன்னு கிறிஸ்துமஸுக்கு ஒரு சட்டைகூடப் பாத்து வெச்சேன்."

மேக்சின் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேட்டிடம் கணக்குச் சொன்னாள். "ஒருத்தர் உங்களைச் சார்ந்திருந்தா, அவங்க கட்டினதா இருந்தாலும் சலுகையைக் கேக்க வேண்டியது நீங்க. பெர்னி வரி கட்டற அளவுக்குச் சம்பாதிக்கல, அதனால அவங்க தனியா போட்டா எண்ணூத்து நாப்பதுதான். உங்களுக்குக் கட்ட வேண்டிய வரி இருக்கு. திருத்தப் படிவம் போட்டா முழுசா ரெண்டாயிரத்து நூறு."

"எப்போ வரும்?" என்றாள் பெர்னடெட்.

"மூணு நாலு மாசம் ஆகும்."

இன்னும் இருபத்தேழு நாள்தான் இருந்தது. அவளுடைய முகம் வாடியதை வேட் பார்த்தான். காரணத்தைக் கேட்டு வாங்கினான். கைபேசியை அவள் முன் நீட்டினான்.

"அந்தக் கல்லூரிப் பக்கத்தைத் திற. எழுநூத்து எண்பதை இப்பவே கட்டுவோம்."

"வேண்டாம்டா. இதையும் பாதியில விட்டேன்னா?"

"அம்மா, உன்னை நான் பாத்துக்கறேன்னு அரசாங்கத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். பொய் சொன்னா ஜெயில்ல போடுவாங்க. திற."

12.05. திரையில் பச்சை எழுத்து வந்தது: பயிற்சி இடம் உறுதி. தொடக்கம் ஏப்ரல் ஏழு, காலை ஆறு மணி.

"ஆறு மணியா?" என்றான் வேட். "அப்போ என் காரை நீ எடுத்துக்கோ. நான் பஸ்ல போயிக்கறேன்."