பின்சீட்டுத் துடுப்பு

லோடு ஆட்டோ மம்சாபுரத்தைத் தாண்டி மேலக் கண்மாய்க் கரையில் நின்றபோது மலையில் மேகம் இன்னும் கலையவில்லை. கார்த்திகை மழையில் நிரம்பிய தண்ணீர் மறுகால் வழியே ஓடையில் வழிந்துகொண்டிருந்தது. ஹாரிசும் ஷமீரும் மஞ்சள் கயாக்கை இறக்கித் தண்ணீரில் விட்டார்கள். ராஜபாளையத்தில் ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே பெஞ்சில் படித்து, இந்தப் படகையும் சேர்ந்தே வாங்கியவர்கள். சனிக்கிழமை ஆனால் தண்ணீர் கிடக்கும் இடத்தில்தான் இவர்கள் கிடப்பார்கள்.

"ஓடை வழியா ஆத்துல எறங்கி, கீழக் கண்மாய்க்கு வந்துருங்கண்ணே. சாயங்காலம் வண்டியோட நிக்கேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோக்கார பிரேம்குமார் கிளம்பினான்.

வழக்கம்போல் ஹாரிஸ் முன்னால், ஷமீர் பின்னால். படகைத் திருப்புகிறவன் பின்சீட்டில்தான் இருக்க வேண்டும். முன்னால் இருப்பவனுக்கு அவன் முகம் தெரியாது. துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கும். நீச்சல் தெரியும் என்ற மிதப்பில் ஷமீர் லைஃப் ஜாக்கெட்டும் போடுவதில்லை.

ஹாரிஸ் அன்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தான். ஷமீருக்குத் துபாய் விசா வந்த சேதி டீக்கடை வரைக்கும் தெரிந்திருக்கிறது. ஹாரிசிடம் மட்டும் அவன் சொல்லவில்லை. மூழ்கிக் கிடந்த கருவேல மரங்களின் உச்சிகளுக்கு நடுவே படகு நுழைந்தபோது ஷமீர் மெல்ல ஆரம்பித்தான்.

"மாப்ள, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஊருக்கெல்லாம் சொன்ன பொறவு எனக்கு எதுக்குலே?"

"ஒன் மொகத்தப் பாத்துச் சொல்லத் தெம்பில்லாமத்தான் இருந்தேன். செத்த திரும்பேன்."

"திரும்பிப் பாத்தா நான் எங்கத்தா மைதீன் பிச்சைக்குப் பொறந்தவன் இல்ல!"

பெற்றவர் பேரில் சத்தியம். வீம்பில் ஹாரிசை மிஞ்ச அந்தத் தெருவில் ஆளே கிடையாது.

பின்னால் தொபுக்கென்று ஒரு சத்தம். படகு ஆடியது. கோபத்தில் தண்ணீரை அடிக்கிறான் என்று ஹாரிஸ் நினைத்தான்.

அவன் திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு பின்னால் துடுப்பு விழத் தொடங்கியது.

சளப்... சளப்...

மறுகாலில் படகு நூல் பிடித்தாற்போல் இறங்கியது. ஆற்றில் பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போனது. இத்தனை நேர்த்தியாக ஷமீர் ஒருநாளும் ஓட்டியதில்லை. சேற்று வாடை மட்டும் கூடவே வந்தது. ஹாரிசின் பிடரியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பின்னால் இருந்த பைக்குள் ஹாரிசின் போன் அடித்து ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. பக்கத்திலேயே இருந்துகொண்டு எடுத்துத் தர மாட்டேன் என்கிறானே, என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டான்.

உச்சி சாய்ந்ததும் கோபம் வடிந்து, பசி வயிற்றைக் கிள்ளியது. காலடியில் இருந்த பரோட்டாப் பொட்டலம் ஒன்றை எடுத்து, திரும்பாமலே தோளுக்கு மேல் நீட்டினான்.

"இந்தா, தின்னு. துபாயில இந்தச் சால்னா கெடைக்குமாலே?"

ஒரு கை வாங்கிக்கொண்டது.

விரல்கள் ஐஸ்கட்டியாக இருந்தன.

"குளுருதா?" என்றான் மெதுவாக.

துடுப்புச் சத்தம் மட்டும் ஒரு கணம்கூட நிற்கவில்லை.

கீழக் கண்மாய்க் கரையில் பிரேம்குமார் அழுதுகொண்டு நின்றான்.

"எம்புட்டு நேரம்ணே போன் அடிக்கிறது! ஷமீரண்ணன் மேலக் கண்மாயில... மீன் வலையில கால் சிக்கி... காலையிலயே வலை போட்ட உக்கிரபாண்டி மாமா தூக்கிட்டாரு. கையில துடுப்பு அப்பிடியே இருக்கு."

"என்னடா ஒளறுத? இந்தா, பின்னாலதான இருக்கான்!"

பிரேம்குமார் அவனைத் தாண்டிப் பார்த்தான்.

"யாருமில்லியேண்ணே."

படகு லேசாக ஆடியது. பின்பாரம் குறைந்து முன்முனை அமுங்கியது, யாரோ இறங்கிப் போனாற்போல.

அப்போதுதான் ஹாரிஸ் திரும்பினான்.

சீட்டில் சேறு. அதன்மேல் பிரிக்காத பொட்டலம்.

கூட இருந்தவன் விழுந்தது எப்படித் தெரியாமல் போகும் என்று ஊரே கேட்டது. அவன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அடக்கத்துக்கு மய்யித்தை எடுக்கும் முன் முகம் பார்க்கப் போனவனை ஷமீரின் அம்மா அப்ரோஸ் பேகம் வாசலிலேயே மறித்தாள்.

"செத்த திரும்புன்னுதானப்பா கேட்டான் எம்புள்ள. அப்பப் பாக்காத மொகத்த இப்ப எதுக்குப் பாக்கப் போற?"

ஹாரிஸ் திரும்பி நடந்தான். பாவிக்குக் கடைசி முகமும் கொடுத்துவைக்கவில்லை.

இப்போதெல்லாம் அவன் பைக்கைக் கிளப்பினால் பின்சீட்டு அமுங்குகிறது. பிடரியில் ஈரம் சொட்டுகிறது. சட்டென்று திரும்புவான், யாரும் இருக்க மாட்டார்கள். கண்ணாடியிலும் ரோடுதான் தெரியும். "ஒரே ஒரு தடவ மொகத்தக் காட்டுலே" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் வண்டியை நிறுத்திக் கெஞ்சியிருக்கிறான். சத்தியம் போட்டவன் ஹாரிஸ், அதைக் காப்பாற்றுகிறவன் ஷமீர்.

நேற்று அவன் இரண்டு பரோட்டாப் பொட்டலம் வாங்கினான். வண்டியில் உட்கார்ந்து, ஒன்றைத் திரும்பாமலே தோளுக்கு மேல் நீட்டினான்.

ஒரு கை வாங்கிக்கொண்டது.